குண்டர் பாட்டில் ஒலித்த அச்சக் குரல்

தீய சொல் மலிந்த பாட்டொன்று காதில் விழுந்தால் காதைப் பொத்திக்கொள்வது நல்லோர் இயல்பு. அவ்வியல்பைக் குறை கூறுவார் எவருமில்லை. ஆயினும், காதைப் பொத்திக்கொண்டவரே அப்பாட்டைப் பற்றித் தீர்ப்பும் கூறப் புகுந்தால் அங்கே ஓர் இடர் பிறக்கிறது. அவர் கேளாமல் விட்ட பகுதியில் என்ன இருந்தது என்பதை அவர் அறியமாட்டார்.

1991ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஹியூஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ஓர் இசைத்தட்டு இதற்குத் தக்க சான்றாகும். அதன் பெயர் ‘வீ கான்ட் பீ ஸ்டாப்ட்’. ‘எம்மைத் தடுக்க முடியாது’ என்பது அதன் பொருள். பாடியவர்கள் ‘கெட்டோ பாய்ஸ்’ என்னும் குழுவினர். வெளியிட்டது ‘ராப்-அ-லாட்’ என்னும் சிறிய நிறுவனம். ஒழுக்கக் கேட்டின் இலக்கணம் என்று ஒரு சாரார் அதைத் தூற்றினர். அஞ்சாத ஆண்மையின் முழக்கம் என்று மற்றொரு சாரார் அதைப் போற்றினர். ஆனால் அந்த இசைத்தட்டை இன்றளவும் வாழவைத்திருக்கும் பாட்டு, ஆண்மையைப் பாடிய பாட்டன்று. அச்சத்தைப் பாடிய பாட்டு. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வது, இலக்கியம் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன் தரும்.

ராப் என்பது யாது?

‘ராப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தட்டுதல் என்பது பழம்பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வழக்கில் சுவைபட உரையாடுதல் என்னும் பொருளும் அதற்கு ஏற்பட்டது. தாளம் பின்னின்று ஒலிக்க, இராகமின்றிச் சந்தத்தோடு சொற்களை அடுக்கிச் சொல்வதே ராப் பாட்டு. அடியின் முதலில் எதுகையையும் மோனையையும் நாடுவது தமிழ்ச் செய்யுளின் வழக்கம். ராப் பாட்டு அடியின் இறுதியில் ஒலி ஒத்து வருவதையே பெரிதும் நாடும். தமிழ் யாப்பில் இயைபு என்று வழங்கும் தொடையோடு அதனை ஒப்பிடலாம்.

இக்கலை 1973ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் நடந்த இளைஞர் விருந்துகளிலே தோன்றியது என்பர். பழைய இசைத்தட்டு ஒன்றின் சிறு பகுதியை எடுத்து, அதனையே மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, அதன்மேல் பாடுவது அதன் முறை. இசைக் கருவிகள் வாங்க வசதியற்ற இளைஞர்க்கு, பெற்றோரின் பழைய இசைத்தட்டுகளே இசைக்குழுவாயின.

இக்கலையில் 1980களின் நடுவில் ஒரு கிளை பிரிந்தது. அதனைக் ‘கேங்ஸ்டா ராப்’ என்பர். குண்டர் பாட்டு என்று தமிழில் கூறலாம். பிலடெல்பியா நகரின் ஸ்கூலி டி என்பவரும், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஐஸ்-டி என்பவரும் இதனைத் தொடங்கி வைத்தனர். 1988இல் வெளிவந்த ‘ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்’ என்னும் இசைத்தட்டு இதனை நாடறியச் செய்தது. குண்டனே தன்னிலையில் நின்று தன் வாழ்வைக் கூறுவது இப்பாட்டின் மரபு. ‘நான் கொன்றேன்’ என்று பாட்டில் வருமாயின், அந்த ‘நான்’ பாடுபவர் புனைந்துகொண்ட வேடமாகவும் இருக்கலாம். நாடகத்தில் கொடியவனாக நடிப்பவர் கொடியவர் ஆகார் என்பதை எவரும் அறிவர். ஆனால் குண்டர் பாட்டில் வேடத்திற்கும் ஆளுக்கும் இடையிலுள்ள கோடு மங்கலானது. பாடியோரே அக்கோட்டை வேண்டுமென்றே அழித்ததும் உண்டு. வழக்குக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாம் வட்டாரம்

ஹியூஸ்டன் நகரின் பழைய பிரிவுகளில் ஒன்று ‘பிப்த் வார்டு’ எனப்படும் ஐந்தாம் வட்டாரம். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் பலர் அங்கே குடியேறினர். நாளடைவில் கடைகளும் கோயில்களும் பள்ளிகளும் அமைந்த ஊராக அது வளர்ந்தது. அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்து நாவன்மையால் புகழ்பெற்ற பார்பரா ஜார்டன் அம்மையார் அவ்வட்டாரத்தில் வளர்ந்தவர். குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் போர்மனும் அங்கே வளர்ந்தவரே.

இசைக்கும் அவ்வட்டாரம் புதிதன்று. டான் ராபி என்னும் கறுப்பின வணிகர் 1949இல் ‘பீக்காக்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை ஹியூஸ்டனில் தொடங்கினார். பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லி பாடி உலகறியச் செய்த ‘ஹவுண்ட் டாக்’ என்னும் பாட்டை, அவருக்கு முன்னரே பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகியின் குரலில் 1953இல் வெளியிட்டது அந்த நிறுவனமே.

பின்னர் நெடுஞ்சாலைகள் வட்டாரத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றன. வசதி படைத்தோர் வேறிடம் பெயர்ந்தனர். 1980களில் எண்ணெய் விலை வீழ்ந்தபோது, எண்ணெயை நம்பி வாழ்ந்த ஹியூஸ்டன் நகரம் முழுவதுமே தள்ளாடியது. ஏழை வட்டாரங்கள் அதில் முதலில் நொறுங்கின. வேலையற்ற இளைஞரிடையே ‘கிராக்’ என்னும் போதைப் பொருளும் துப்பாக்கியும் பரவின.

அச்சூழலில் ஜேம்ஸ் ஸ்மித் என்னும் இளைஞர் பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். ஜே. பிரின்ஸ் என்று பின்னாளில் அறியப்பட்டவர் இவரே. தம்பியையும் அவன் தோழர்களையும் தெருவின் கேட்டிலிருந்து விலக்க வேண்டி, அவர்களுக்குப் பிடித்த ராப் பாட்டிலேயே அவர்களை ஈடுபடுத்த எண்ணினார். அந்த எண்ணத்தில் பிறந்ததே ராப்-அ-லாட் நிறுவனம். அதன் முதற் குழு ‘கெட்டோ பாய்ஸ்’. கெட்டோ என்பது ஒதுக்கப்பட்ட ஏழை மக்களின் குடியிருப்பு. ஆகவே ஒதுக்குப்புறத்துப் பிள்ளைகள் என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஆங்கிலச் சொல்லின் எழுத்து முறையை மாற்றி, ஒலிக்கிறபடியே சுருக்கி எழுதிக்கொண்டது அவர்களின் பிற்கால வழக்கம்.

குழுவில் ஆட்கள் மாறி மாறி வந்தனர். இறுதியில் நிலைத்தவர் மூவர். ஸ்கார்பேஸ் எனப்பட்ட பிராட் ஜார்டன், ஹியூஸ்டனின் தென்பகுதியைச் சேர்ந்தவர். வில்லி டி எனப்பட்ட வில்லியம் டென்னிஸ், ஐந்தாம் வட்டாரத்தவர். புஷ்விக் பில் எனப்பட்ட ரிச்சர்ட் ஷா, ஜமைக்காத் தீவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். நான்கடிக்கும் குறைந்த உயரமுடையவர். நடனக்காரராகக் குழுவில் சேர்ந்து பாடகரானவர். இவர்களுக்குத் தாளமும் இசைப் பின்னணியும் அமைத்தவர் டி.ஜே. ரெடி ரெட். அவர் 1991இல் குழுவைவிட்டு விலகிக்கொண்டார்.

மறுத்த நிறுவனம்

அன்று ராப் உலகில் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிசும் இரு தலைநகரங்களாக விளங்கின. தென்பகுதியை நாட்டுப்புறம் என்று அவ்விரு நகரத்தாரும் எள்ளினர். அந்நிலையில் நியூயார்க்கில் புகழ்பெற்றிருந்த ரிக் ரூபின் என்னும் இசை அமைப்பாளர், கெட்டோ பாய்ஸ் 1989இல் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டு வியந்தார். அதன் பாட்டுகளைத் திருத்தி அமைத்து, 1990இல் தம் நிறுவனத்தின் வாயிலாக நாடெங்கும் வெளியிட முனைந்தார்.

அவருடைய நிறுவனத்தின் இசைத்தட்டுகளைக் கடைகளுக்கு வழங்கி வந்தது கெபன் என்னும் பெரிய நிறுவனம். கொலையையும் வன்புணர்ச்சியையும் விவரித்த பாட்டுகள் அத்தட்டில் இருந்தமையால், அதனை வழங்க முடியாது என்று கெபன் மறுத்தது. தட்டுகளை அச்சிடும் தொழிற்சாலை ஒன்றும் அச்சிட மறுத்தது. பின்னர் வேறொரு வழியாக அது வெளிவந்தபோது, உறையின்மேல் ஒரு குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது. வெளியீட்டாளர் தணிக்கையை எதிர்ப்பவர் என்றும், ஆயினும் அச்சிட்டோரும் வழங்கியோரும் உள்ளே இருப்பதை ஏற்கவில்லை என்றும் அது அறிவித்தது. தான் விற்கும் சரக்கைத் தானே பழித்த விந்தை அது.

அக்காலச் சூழலையும் ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். 1985இல் அரசியலாளர் சிலரின் மனைவியர் கூடி, பாட்டுகளில் மலிந்த ஆபாசத்தை எதிர்த்து ஓர் இயக்கம் கண்டனர். அமெரிக்க மேலவையில் அவ்வாண்டு செப்டம்பரில் விசாரணையும் நடந்தது. பெற்றோரை எச்சரிக்கும் குறிப்பு இசைத்தட்டுகளின் உறையில் இடம்பெற்றது அதன் விளைவே. 1990 ஜூன் மாதத்தில், புளோரிடா மாநிலத்து ‘டூ லைவ் க்ரூ’ குழுவின் இசைத்தட்டு ஆபாசமானது என்று கூட்டரசு நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அதன் பின்னும் அதனை விற்ற கடைக்காரர் கைது செய்யப்பட்டார். அத்தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் மாற்றியது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பேச்சுரிமையைப் பறிக்க வேண்டா என்று அரசுக்கு இட்ட கட்டளை. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. தனக்கு ஒவ்வாத பாட்டை விற்க மறுக்கும் உரிமை வணிகருக்கு உண்டு. ஆகவே கெபன் செய்தது சட்ட மீறல் அன்று. ஆயினும், அந்நிறுவனம் அதற்கு முன்னர் ‘ஸ்லேயர்’ என்னும் குழுவின் கொடூரம் மிக்க இசைத்தட்டை வழங்கியது; ஆண்ட்ரூ டைஸ் க்ளே என்பாரின் கொச்சையான நகைச்சுவைத் தட்டையும் வழங்கியது. அவற்றுக்கு வராத மனக்கூச்சம் இதற்கு மட்டும் வந்தது ஏன் என்னும் வினா எழுந்தது. ஒழுக்க அளவுகோல் ஒன்றாக இருந்தால் அதனை மதிக்கலாம். ஆளுக்கொரு கோல் வைத்து அளந்தால் அளக்கப்பட்டவர் சினம் கொள்வர்.

அச்சினத்தில் பிறந்த பெயரே ‘எம்மைத் தடுக்க முடியாது’ என்பது. தலைப்புப் பாட்டிலேயே கெபன் நிறுவனத்தோடு நேர்ந்த பிணக்கு பாடப்பட்டது. இம்முறை இசைத்தட்டை ராப்-அ-லாட் நிறுவனமே வெளியிட்டது. கலிபோர்னியாவின் பிரியாரிட்டி நிறுவனம் கடைகளுக்கு வழங்கியது.

உறையும் உள்ளீடும்

அந்த இசைத்தட்டைக் கையில் எடுத்தோர் முதலில் கண்டது உறைப்படத்தை. மருத்துவமனையின் தள்ளுபடுக்கையில் புஷ்விக் பில் அமர்ந்திருக்கிறார். ஒரு கண் சிதைந்திருக்கிறது. அவர் கையில் தொலைபேசி. இருபுறமும் மற்ற இருவர் நிற்கின்றனர். இது நடிப்பன்று. சில நாள்களுக்கு முன், குடிபோதையில் காதலியோடு நேர்ந்த சச்சரவில் துப்பாக்கி வெடித்து அவர் வலக்கண்ணை இழந்தார். மருத்துவமனையிலேயே படம் எடுக்கப்பட்டது. வணிக நோக்கில் அது பெருவெற்றி. அப்படத்தைப் பார்த்தவர் மறக்கவில்லை. ஆனால் தம் வாழ்வின் தனித் துயரத்தை விற்பனைப் பொருளாக்கியது தவறு என்றும், அப்படம் தமக்கு வேதனை தருவது என்றும் புஷ்விக் பில் பின்னாளில் கூறினார். ‘எவர் சோ க்ளியர்’ என்னும் பாட்டில் அந்நிகழ்ச்சியை 1992இல் அவரே விவரித்தார்.

உள்ளே இருந்தவை பலவகைப் பாட்டுகள். கொலையை விளையாட்டாகக் கூறும் திகில் பாட்டு ஒன்று. வறுமையை வெறுக்கும் பாட்டு ஒன்று. 1991இல் நடந்த வளைகுடாப் போருக்குப் போகமாட்டேன் என்று மறுக்கும் பாட்டு ஒன்று. விருது வழங்குவோர் தம்மைப் புறக்கணிப்பதை நையாண்டி செய்யும் பாட்டு ஒன்று. தரம் ஒன்றுபோல் இல்லை. சில பாட்டுகள் வெறும் வசை. சிலவற்றில் உண்மையான நகைச்சுவை உண்டு. இவற்றின் நடுவே ஒரு பாட்டு தனித்து நின்றது. ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ என்பது அதன் பெயர். ‘மனம் எனக்கு மாயம் காட்டுகிறது’ எனலாம்.

மனம் காட்டும் மாயம்

இப்பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர் ஸ்கார்பேஸ். அப்போது அவருக்கு வயது இருபதுதான். தலைப்பிலுள்ள தொடர், தம் பாட்டி சொல்லக் கேட்டது என்று அவர் கூறியிருக்கிறார். பின்னணி இசைக்கு அடிப்படை, ஐசக் ஹேய்ஸ் 1974இல் ஒரு திரைப்படத்துக்காக அமைத்த இசையில் வரும் கித்தார் ஒலி. அது சினத்தைத் தூண்டும் ஒலியன்று. இரவு நேரத்தில் தனியே அமர்ந்திருப்பவனின் மனநிலையைத் தரும் மெல்லிய சோக ஒலி.

பாட்டில் நான்கு பகுதிகள் உண்டு. முதற் பகுதியில் ஒருவன் நான்கு சுவர்களுக்கிடையே உறக்கமின்றிக் கிடக்கிறான். தன்னைக் கொல்ல எவனோ தொடர்கிறான் என்று நடுங்குகிறான். தொடர்பவனை அவன் வருணிக்கும்போதுதான் கேட்போர் திடுக்கிடுகின்றனர். தொடர்பவன் அணிந்துள்ள தொப்பியும் ஊன்றியுள்ள கோலும் இவனுடையவற்றைப் போன்றவையே. பகைவன் வேறெவனும் அல்லன், இவனே என்று பாட்டு வெளிப்படையாகச் சொல்லவில்லை. கேட்போரே உணர விட்டுவிடுகிறது.

இரண்டாம் பகுதியைப் பாடுபவர் வில்லி டி. பணமும் காரும் புகழும் உள்ள ஒருவன், தன் பின்னால் ஒரு வண்டி வருவதைக் காண்கிறான். வருவது யாராக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறான். தான் விரட்டியவனா, தான் சுட்டவனா, தான் பணத்தைப் பறித்தவனா என்று பட்டியல் நீள்கிறது. பகைவரைப் பட்டியலிடப் புகுந்தவன் தன் குற்றங்களையே பட்டியலிட்டு விடுகிறான். துப்பாக்கியை உருவித் திரும்பினால், அங்கே இருப்பவர்கள் உடல் தளர்ந்த மூன்று முதியவர்கள்.

மூன்றாம் பகுதி மீண்டும் ஸ்கார்பேஸின் குரல். கை நடுங்குகிறது, ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்று மன்னிப்பு வேண்டுகிறான், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது. தடுப்பது ஒன்றே: தன் சிறு மகன் தந்தையற்றவன் ஆவான் என்னும் நினைவு. தான் இழிவாக நடத்திய பெண் தாய்வீடு சென்ற பின்னரே அவள்மேல் தான் கொண்ட அன்பை உணர்கிறான்.

நான்காம் பகுதி புஷ்விக் பில்லுடையது. பேய் வேடமிட்டுச் சிறுவர் வீடு வீடாகச் செல்லும் ஹாலோவின் நாள் இரவு. பேருருவம் ஒன்று எதிர்ப்படுகிறது. மூவரும் சேர்ந்து அதனைத் தாக்குகின்றனர். சட்டென்று தெளிவு பிறக்கிறது. உருவமும் இல்லை, அன்று ஹாலோவினும் இல்லை. இருண்ட தெருவில் தரையைக் குத்திக் குத்தித் தன் கைகளில் இரத்தம் வடிவதைக் காண்கிறான்.

தமிழ் கற்றோர் இப்பாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். குண்டர் பாட்டுக்கு அதுவரை உரியனவாக இருந்த மெய்ப்பாடுகள் பெருமிதமும் வெகுளியுமே. இப்பாட்டு அச்சத்தைத் தன் மெய்ப்பாடாகக் கொண்டது. அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்னும் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்தார். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே இருப்பவை. இப்பாட்டில் கேட்பவரை உலுக்குவது, புறத்தே எவரும் இல்லை என்பதே. கள்வனும் இவனே; கள்வனுக்கு அஞ்சுவோனும் இவனே.

இது வெறும் கற்பனையும் அன்று. ஸ்கார்பேஸ் சிறு வயதிலேயே மனச்சோர்வு நோயால் வாடியவர். தற்கொலைக்கு முயன்று, மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தவர். 2015இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அதனை மறைக்காமல் எழுதியுள்ளார். ஆண்மகன் அழலாகாது, அஞ்சலாகாது என்று விதித்திருந்த தெருவில் வளர்ந்த இளைஞர் ஒருவர், நான் அஞ்சுகிறேன் என்று உரத்துச் சொன்னார். மற்றப் பாட்டுகளில் இருந்த துப்பாக்கிகளைவிட அந்தச் சொல்லுக்குத்தான் துணிவு மிகுதியாக வேண்டியிருந்தது.

மக்கள் அளித்த வரவேற்பு

பெரிய நிறுவனத்தின் துணை இல்லாத அத்தட்டு, அமெரிக்க இசைத்தட்டுகளின் விற்பனை வரிசையில் 24ஆம் இடத்தை எட்டியது. ‘மனம் காட்டும் மாயம்’ தனிப்பாட்டு வரிசையில் 23ஆம் இடத்தையும், ராப் பாட்டுகளின் வரிசையில் முதலிடத்தையும் பெற்றது. 1992இல் இசைத்தட்டுக்குப் பிளாட்டினம் சான்று கிடைத்தது; பத்து இலட்சம் படிகள் சென்றதற்கு அடையாளம் அது.

இவ்வெற்றிக்குக் காலமும் துணை செய்தது. முன்னர் எந்தத் தட்டு மிகுதியாக விற்றது என்பதைக் கடைக்காரரைக் கேட்டே ‘பில்போர்டு’ இதழ் வரிசைப்படுத்தி வந்தது. கேள்விக்கு விடையளித்தோர் தம் விருப்பு வெறுப்பையும் கலந்தனர். 1991 மே மாத இறுதியிலிருந்து, விற்பனை மேசையில் பட்டைக் குறியைக் கருவி படித்து எண்ணும் முறை வந்தது. மக்கள் உண்மையில் எதை வாங்கினர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ராப் பாட்டின் செல்வாக்கு எண்ணியிருந்ததைவிடப் பெரிதென்று புலனாயிற்று. அதற்கடுத்த சில வாரங்களிலேயே ஹியூஸ்டன் தட்டு கடைக்கு வந்தது.

ஆனால் எதிர்ப்பும் ஓயவில்லை. குடியரசுக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான பாப் டோல், 1995 மே 31இல் லாஸ் ஏஞ்சலிசில் ஆற்றிய சொற்பொழிவில், கேளிக்கைத் தொழில் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று சாடினார். கெட்டோ பாய்ஸ் குழுவையும் அவர் பெயர் சுட்டிக் கூறினார். கறுப்பினத்தவருள்ளும் எதிர்ப்பு இருந்தது. குடியுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்த டெலோரஸ் டக்கர் அம்மையார், தம் இனத்துப் பெண்களை இப்பாட்டுகள் இழிவு செய்கின்றன என்று கூறி இயக்கம் நடத்தினார்.

நீங்காத குறை

டக்கர் அம்மையாரின் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த இசைத்தட்டில் பெண்களை வசைச்சொல்லால் மட்டுமே சுட்டும் பாட்டுகள் உள்ளன. பெண்ணை ஆளாக மதியாத அந்தப் பகுதிகளை வேடம் என்று கூறியும் முற்றிலும் காத்துவிட இயலாது. கொலையைப் பாடுவோன் கொலையைச் செய்வதில்லை என்பது மெய். ஆனால் இழிசொல்லைப் பாடுவோன் இழிசொல்லைச் சொல்லியே விடுகிறான். மன நோவைப் பாடிய அதே பாட்டில்கூட அவ்வசை இடம்பெற்றிருக்கிறது. தான் வசை கூறிய பெண்ணையே தான் நேசித்ததாக அவன் உணர்வது வசையை நீக்கிவிடாது. அவ்வசை தன்னையே திருப்பித் தாக்கியதை அவன் கண்டான் என்று மட்டுமே கொள்ளலாம்.

ஆகவே இத்தட்டை முற்றும் போற்றுவோரும் அதனை முழுமையாகக் கேட்டவர் ஆகார். குண்டன் வேடத்தை மெச்சி அதனைப் பின்பற்ற விழைந்த இளைஞர், அவ்வேடத்துக்குள் உறக்கமின்றி நடுங்கியவனைக் காணாமல் போயினர். தூற்றியோரும் போற்றியோரும் ஒரே இடத்தில் தவறினர்: இருவரும் துப்பாக்கியின் ஒலியை மட்டுமே கேட்டனர்.

பின்னாளின் மதிப்பு

காலம் செல்லச் செல்ல மதிப்பீடு தெளிவடைந்தது. 1994இல் ஸ்கார்பேஸ் தனியே வெளியிட்ட ‘தி டைரி’ என்னும் இசைத்தட்டு, சாவையும் மனக்கலக்கத்தையும் மேலும் ஆழமாகப் பாடி, விற்பனை வரிசையில் 2ஆம் இடம் பெற்றது. 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த ஒரு விருது விழாவில், ஜார்ஜியா மாநிலத்து ‘அவுட்காஸ்ட்’ குழுவினர் மேடையேறியபோது கூட்டத்தினர் கூச்சலிட்டனர். தென்பகுதிக்கும் சொல்லத்தக்க செய்தி உண்டு என்று அக்குழுவின் ஆண்ட்ரே அங்கே அறிவித்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஹியூஸ்டன் அதனைச் செய்து காட்டியிருந்தது.

‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2012இல் தொகுத்த ஐம்பது சிறந்த ராப் பாட்டுகளின் வரிசையில், ‘மனம் காட்டும் மாயம்’ 5ஆம் இடத்தைப் பெற்றது. ஹியூஸ்டனின் ரைஸ் பல்கலைக் கழகத்தில், டெக்சஸ் மாநில ராப் பாடகர் பன் பி, சமயத்துறைப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து, சமயமும் ராப் கலையும் பற்றி 2011இல் வகுப்பு நடத்தினார். ஹியூஸ்டன் பல்கலைக் கழக நூலகம், அந்நகரத்து ராப் கலைஞர்களின் இசைத்தட்டுகளையும் தாள்களையும் ஆவணங்களாகப் பாதுகாத்து வருகிறது. ஒரு காலத்தில் அச்சிட மறுக்கப்பட்ட கலை, ஆராய்ச்சி மாணவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. டி.ஜே. ரெடி ரெட் 2018இலும் புஷ்விக் பில் 2019இலும் மறைந்தனர். ஸ்கார்பேஸ் 2019இல் ஹியூஸ்டன் நகரமன்றத்துக்குப் போட்டியிட்டார், வெற்றி கிட்டவில்லை.

கற்பிப்போர் கொள்ளத்தக்கது

இளைஞர் விரும்பிக் கேட்கும் பாட்டில் தீமை உண்டா என்று ஆசிரியரிடம் பெற்றோர் வினவுவது எந்நாட்டிலும் உள்ளதே. உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம், அது எளிது. ஆனால் ஹியூஸ்டன் இசைத்தட்டின் வரலாறு வேறொரு முறையைக் காட்டுகிறது. பேசுவது புலவனா, புனைந்த வேடமா என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும். அவ்வேடம் எதைச் செய்கிறது என்பதோடு, செய்த பின் அதற்கு என்ன நேர்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒவ்வாததை ஒவ்வாதது என்று கூசாமல் சொல்லுதல் வேண்டும். அதன் பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும். சிறுவர் செவிக்கு உரியதன்று என்று ஒரு பாட்டை விலக்குவது வேறு; எவர் செவிக்கும் எட்டாதபடி அதனை அடைத்துவிடுவது வேறு.

1990இல் தட்டை வழங்க மறுத்தோர் கருதியபடியே எல்லாம் முடிந்திருந்தால், வன்சொற்கள் சில நாட்டில் குறைந்திருக்கலாம். அவற்றோடு, வலிமையின் வேடமிட்டு வாழும் இளைஞன் இரவில் எதற்கு அஞ்சுகிறான் என்பதைச் சொன்ன பாட்டும் மறைந்திருக்கும். அவ்வச்சத்தை அறியாமல் அவ்விளைஞனைத் திருத்த முயல்வது, நோயின் இடம் அறியாமல் மருந்து கொடுப்பது போன்றதாகும்.